பாட்டில் தீர்வதற்குள்

குவைத்திலிருந்து லீவில் வருகிறவர்கள் பூப்போட்ட கம்பளி, செண்டு, பால் பவுடர் டப்பா, முடிந்தால் காதுக்கோ கழுத்துக்கோ கொஞ்சம் தங்கம் என்று கொண்டுவருவார்கள். நகரியில் எங்கள் தெருவில் அப்படி ஒரு பெட்டி திறக்கப்படும்போது நாலு வீட்டு ஆட்கள் கூடி நிற்பது வழக்கம். எங்கள் அம்மாவின் பெட்டியை என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, திறந்தபோதும் நின்றார்கள். மேலே ஒரே ஒரு கம்பளி. அதை எடுத்ததும் அடியில் நைட்டிகளுக்குள் சுற்றி வைத்த கண்ணாடி பாட்டில்கள். வாய் அகன்றவை, இறுகலான தகர மூடி போட்டவை. மொத்தம் ஐந்து. ஐந்தும் காலி.

அடுத்த வீட்டில் இருந்த அத்தை, அதாவது நைனாவின் அக்கா, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மே, ஏரோப்ளேன்ல ஏறி காலி பாட்டில் கொண்டாந்த ஒரே பொம்பள நீதான். நம்ம ஊர்ல இல்லாத பாட்டிலா?"

"இந்த மூடி இங்க கிடைக்காது அண்ணி. காத்து பூராது. ரொப்பத்தான் கொண்டாந்தேன்."

"ரொப்பி?"

"பாரு."

எனக்கு அப்போது ஒன்பது வயது. நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அம்மா வீட்டுவேலைக்குக் குவைத் போகும்போது எனக்கு ஆறு வயது. அவள் போனதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. தறி ஓடாத மாதங்களில் சாயப்பட்டறையும் ஓடாது, நைனா சாயப்பட்டறையில் வேலை செய்தார். கூரை ஒழுகியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு விசா சீக்கிரம் வந்தது. அதனால் அம்மா போனாள். எங்கள் தெருவிலேயே அப்படி மூன்று பேர் போயிருந்தார்கள்.

மூன்று வருடத்தில் அம்மாவின் முகம் எனக்குப் போட்டோவாகிவிட்டிருந்தது. வந்தவள் போட்டோவைவிட கறுப்பாக, குண்டாக இருந்தாள். சீக்கிரம் வா என்பதற்கு "யல்லா, யல்லா" என்றாள். என்னைக் கூப்பிட வாயெடுத்து, அவள் வேலை செய்த வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான். காலையில் எழுப்பி, தலை பின்னி, பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிடுவது அம்மாவின் வேலை. எனக்கு அத்தைதான் தலை பின்னினாள், அவளுக்கு நேரம் இருந்தால்.

இரண்டு நாள் அம்மாவிடம் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு காலைல இன்னா துன்னும்?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பிரெட்டு. அதுமேல ஸ்ட்ராபெரி ஜாம். கடையில வாங்கறது துன்னாது, நான் காய்ச்சணும். குடிக்கறதுக்கு கிவி ஜூஸ்."

"எனக்கும் அதான் வேணும்."

அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பாட்டில்கள் எதற்கு வந்தன என்று. நான் கேட்பேன் என்று அவள் குவைத்திலேயே முடிவு செய்திருந்தாள்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மூன்று பேரும் புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். பஸ்சில் பாதிப்பேர் மலைக்குப் போகிறவர்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவரிடம் நைனா, பழம் வாங்க என்றார். அவர் நம்பவில்லை.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு பழக்கடையில் கிவி இருந்தது. மொட்டை அடித்துப் பத்து நாள் ஆன தலை மாதிரி, சொரசொரவென்று. அம்மா இருபது எடுத்து வைத்ததும் கடைக்காரர் பதறிவிட்டார். "எவரிக்கம்மா டெங்கு?" என்றார் தெலுங்கில். டெங்கு வந்தவர்களுக்கு ரத்தத்தில் எதுவோ குறைந்துவிடும், அதற்கு இந்தப் பழம் நல்லது என்று எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, பிள்ளைக்கு ஜூஸ் போட என்று அம்மா சொன்னாள். அவர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்காத குறை.

ஸ்ட்ராபெரி சின்னச்சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. மேல் வரிசை பளபளவென்று நிற்கும், அடிவரிசை நசுங்கிக் கிடக்கும். அம்மா ஒவ்வொரு டப்பாவையும் தலைகீழாகத் தூக்கிப் பார்த்து எட்டு டப்பா பொறுக்கினாள். திரும்பும்போது பஸ்சில் நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். நகரி வருவதற்குள் என் பாவாடையில் சிவப்பாக ஒரு வட்டம் ஊறியிருந்தது. நைனா அதை விரலால் தொட்டு, நகத்தில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். எந்தச் சிவப்பைப் பார்த்தாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

மறுநாள் காலையில் அம்மா வேலையைத் தொடங்கினாள். ஸ்ட்ராபெரியின் பச்சைக் காம்பைக் கத்தி முனையால் கிள்ளி எடுத்து, நாலாக நறுக்கி, பழத்தின் எடைக்குச் சரியாகச் சர்க்கரை போட்டுப் பிசறி மூடி வைத்தாள். ஒரு மணிநேரத்தில் அது தானாகவே தண்ணீர் விட்டது. அடுப்பில் ஏற்றியதும் வாசனை தெருவரைக்கும் போனது. ஆனால் கொதிக்கக் கொதிக்கச் சிவப்பு வெளுத்து, செங்கல் நிறமாகிக்கொண்டே வந்தது. வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நைனாவுக்குத் தாங்கவில்லை.

"புளிப்பு வுடுமே. கலர் ஓடுது பாரு. பட்டு நூலுக்குப் புளிப்பு வுட்டாத்தான் செகப்பு நிக்கும்."

அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். அப்படியே நின்று அவரைப் பார்த்தாள். "அந்த வூட்டுக் கெழவி இதத்தான் சொல்லும். ஒனக்கு யாரு சொன்னா மாமா?"

"நூலு சொல்லுச்சி."

இருவரும் சிரித்தார்கள். அந்த நாற்பது நாள் லீவில் அவர்கள் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

பதம் பார்க்க, தண்ணீர்ப் பானையின் மேல் கவிழ்த்துக் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, நடுவில் விரலால் கோடு கிழித்தாள். கோடு மூடாமல் நின்றது. அந்தத் தட்டை நக்கும் உரிமை எனக்கு. கிவியை இரண்டாக வெட்டி, கரண்டியால் தோண்டி எடுத்து, மிக்ஸியில் போடாமல் மத்தால் கடைந்தாள். மிக்ஸியில் விதை உடைந்தால் கசக்குமாம். சர்க்கரையைப் பாகு காய்ச்சி, ஆறவைத்து, கலந்து ஊற்றினாள். பச்சை நீருக்குள் கறுப்பு விதைகள் மிதந்தன. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு கரண்டி விட்டுக் கலக்கினால் ஜூஸ். பால் மட்டும் சேர்க்கக்கூடாது என்று சொன்னாள். அத்தை ஒரு கிண்ணம் வாங்கிப்போய், தண்ணியில் குடிப்பதற்கு நாங்கள் என்ன இல்லாதவர்களா என்று பாலில் கலந்து வைத்திருந்து குடித்தாள். பிறகு கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"இன்னாமே இது, பேதி மருந்தாட்டம் கசக்குது? இதத்தான் அந்த குவைத்து சேட்டுப் பொண்ணு குடிக்குதா? பாவம்மே அது."

ஜாம் மூன்று பாட்டில், கிவி இரண்டு பாட்டில். நைனா ஒரு மரப்பலகை அடித்து, எறும்பு ஏறாமல் இருக்கச் சுவரில் உயரமாக மாட்டினார். சிவப்பு மூன்றும் பச்சை இரண்டும் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றதை, வேறு எதையும் அவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திராத என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும்.

அம்மா கிளம்பிய அன்று, நான் அழுவேன் என்று எதிர்பார்த்துத் தெருவே வந்திருந்தது. நான் அழவில்லை. அம்மா முழங்காலிட்டு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பலகையைக் காட்டினாள்.

"தெனம் ஒரு கரண்டி. சரியா? இந்த பாட்டிலுங்க தீர்றதுக்குள்ள அம்மா வந்துடுவேன். ஒரே வருசம். அப்பால போகமாட்டேன்."

தினம் ஒரு கரண்டி என்றதை நான் காதில் வாங்கவில்லை. பாட்டில் தீர வேண்டும், அம்மா வர வேண்டும். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. இன்றைக்கே தொடங்கினால் சீக்கிரம் தீரும்.

தொடங்கினேன். காலையில் பிரெட்டுக்கு, மத்தியானம் சோற்றுக்கு, சாயங்காலம் வெறும் விரலுக்கு. எனக்கு ஸ்ட்ராபெரி அப்படியொன்றும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாம்பழ ஊர்க்காரிக்கு அந்தப் புளிப்பு ஒத்துவரவில்லை. இருந்தாலும் மருந்து மாதிரி தின்றேன். வயிறு இரண்டுமுறை போனது. முதல் பாட்டில் எட்டு நாளில் காலி. இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மத்தியான மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் உள்ளங்கையில் ஒரு கரண்டி. சண்டைக்காரிகளுக்கும் கொடுத்தேன். காலி பாட்டிலோடு பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

நைனா திட்டவில்லை. பாட்டிலை வாங்கிக் கழுவி, கவிழ்த்து வைத்தார். "மெதுவா துன்னும்மா," என்றார், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஜாம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

"எல்லாம் அப்பிடியேதான் கீது," என்றார் நைனா. "பாப்பா தெனம் ஒரு கரண்டிதான் துன்னுது."

நைனா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்தடவை. இரண்டு பாட்டில் காலி என்று சொன்னால் அம்மா உடனே பெட்டி கட்டியிருப்பாளே!

அதற்குப் பிறகுதான் பாட்டில்கள் என்னோடு விளையாடத் தொடங்கின. மூன்றாவது பாட்டிலைப் பாதிக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் முக்கால் இருந்தது. நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்று, மட்டத்தில் ஒரு கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டி வைத்தேன். எங்கள் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. நூலுக்குக் கீழே இரண்டு விரல்கடை தின்று தீர்த்தேன். மறுநாள் ஜாம் நூலுக்கு மேலே நின்றது. கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலில் ஒன்று நிமிர்ந்து, பாதிக்குச் சிவப்பாக இருந்தது. அத்தையிடம் சொன்னேன்.

"தீராத பாட்டிலா? எங்கூட்டு எண்ணெ பாட்டிலையும் அங்க கொஞ்சம் வெச்சிட்டுப் போறேன்டி," என்று சொல்லிவிட்டு அவள் வேறெங்கோ பார்த்தாள்.

நைனாவைக் காட்டிக்கொடுத்தது கிவி பாட்டில்தான். நான் குடித்துக் குறைத்திருந்த அதுவும் மட்டம் ஏறியிருந்தது. பச்சையில் குறை சொல்ல முடியாது, அப்படியே அம்மா செய்த பச்சை. ஆனால் உள்ளே விதைகள் ஒவ்வொன்றும் வழவழவென்று ஒரு கண்ணாடி உறைக்குள் ஊதிப்போய், தவளை முட்டை மாதிரி மிதந்தன. ஜூஸ் கடையில் ரோஸ் மில்க்கில் போடும் சப்ஜா விதை. அது ஊறினால் ஊதும் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிவி விதை ஊதாது என்பதையும் நான் பார்த்திருந்தேன்.

மறுநாள் வயிற்றுவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் சாத்தவில்லை. நைனா அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். கீழே முறத்தில் தக்காளித் தோல், அரை பீட்ரூட், எலுமிச்சை மூடி. சட்டியில் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன கிளாஸில், அடியில் மட்டும், அம்மா காய்ச்சிய ஜாம் ஒரு கரண்டி அளவுக்கு. அவர் ஒரு வெள்ளை நூலைச் சட்டியில் முக்கினார். இன்னொரு வெள்ளை நூலைக் கிளாஸில் முக்கினார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். பட்டறையில் முதலாளி கொடுக்கும் மாதிரி நூலோடு புதுச்சாயத்தை அப்படித்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார். நூல்களுக்குப் பின்னால் ஜன்னலில் நான் நின்றேன்.

வாழ்நாளெல்லாம் சாயத்தில் கைவைத்தவர். ஒரு சிட்டிகைப் பொடி போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பிள்ளை தின்கிறது என்று பீட்ரூட்டை அரைத்துக்கொண்டிருந்தார். இது இப்போது தோன்றுவது. அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. நான் தீர்க்கத் தீர்க்க இந்த ஆள் நிரப்புகிறார். அம்மா வரக்கூடாது என்று நிரப்புகிறார்.

அவரிடம் நான்கு நாள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை போன் வந்ததும் அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அம்மா, நைனா தக்காளி போட்டு ரொப்பறாரும்மா. நீ வரக்கூடாதுன்னு ரொப்பறாரு. நான் தீத்துக்கினேதான் கீறேன், அவருதான் வுடமாட்றாரு."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தக்காளியாடி?" என்றாள் அம்மா. "நல்லா கீதா?"

"உன்துவிட நல்லா கீது," என்றேன், கோபத்தில். அது உண்மையும்கூட.

"நைனாவாண்ட குடு."

நைனா போனை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்ப் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து "ம்" என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

அம்மா ஒரு வருடத்தில் வரவில்லை. அந்த வீட்டுக் கிழவி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட, அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அது அவள் போன இரண்டாவது மாதமே நைனாவுக்குத் தெரிந்துவிட்டதாம். அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்குப் பதினாறு. நான் எட்டாவதோடு நின்று, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு லீவில் போய்ப் பார்த்தேன். சர்க்கரை வியாதியோடு வந்திருந்தாள். பலகையில் பாட்டில்களில் உப்பும் மிளகாயும் இருந்தன. அதன் பிறகு நான் ஓரிடத்தில் நின்றதில்லை. மில், பார்சல் கிடங்கு, கேண்டீன். ஒரு குளிர்காலம் முழுக்க மலையூர் ஒன்றில் ஸ்ட்ராபெரி பறிக்கும் வேலை. கூலிக்குமேல் நசுங்கின பழத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் தங்கியிருந்த கொட்டகையில், சர்க்கரை போட்டு, தண்ணீர் விடவைத்து, எலுமிச்சை பிழிந்து, அம்மா செய்த மாதிரியே காய்ச்சினேன். தட்டில் கோடு நின்றது. கூட இருந்தவர்கள் வழித்துத் தின்றார்கள். நல்ல ஜாம்தான். ஆனால் நான் தேடிய ருசி அதில் இல்லை. மறுநாள் சந்தையில் இரண்டு கிலோ தக்காளி வாங்கினேன். அது ஓரளவுக்கு வந்தது, முழுசாக வரவில்லை. எவ்வளவு பீட்ரூட் என்பது எனக்குத் தெரியாது. நைனாவிடம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நினைத்த வருடத்தில் அவர் இல்லை.

நான் காட்டிக்கொடுத்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமையோடு இதை முடிக்க வேண்டும். அன்று நைனா பட்டறைக்குப் போகவில்லை. காலையிலேயே சந்தைக்குப் போய் நல்ல பழமாகத் தக்காளி வாங்கி வந்திருந்தார். போன் அடிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அடித்ததும் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குந்தினார். கதவு இந்தமுறை திறந்திருந்தது.

"வெச்சிட்டேன். ம். தோலு உரிச்சிட்டேன். வெதையா? வெத இருக்கட்டும்மே, ஸ்ட்ராபெரிலயும் வெத கீது இல்ல... ம். நுரை வருது. எட்துட்டேன்."

அடுத்து கிவியைப் பற்றிக் கேட்டிருப்பாள்.

"பச்சை திராட்சை. ஆமா, புளிப்பாத்தான் பாத்து வாங்கனேன். வெதைக்கு சப்ஜா போட்டேன்."

அம்மா சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி எனக்குக் கேட்டது. "ஐயோ மாமா, அது ஊறுமே!"

"ஊறிட்ச்சி," என்றார் நைனா. அவரும் சிரித்தார். கையிலிருந்த கரண்டி ஆடி, தரையில் சிவப்பாகச் சொட்டியது.

அதற்கு முன் அவர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர்ப் பானையின் மேல் தட்டைக் கவிழ்க்கச் சொன்னாள் போலிருக்கிறது, கவிழ்த்தார். ஒரு சொட்டு விட்டார். விரலால் கோடு கிழித்தார். "நிக்குது," என்று போனில் சொல்லிவிட்டு, தட்டை நக்கு என்று என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரைக்கும் ஒருத்தர்தான் நிரப்பினார். இப்போது அவளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேருமாக இப்படி நிரப்பினால் நான் ஒருத்தி எப்படித் தின்று தீர்ப்பது, எப்போது பாட்டில் தீர்ந்து அம்மா வருவது என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.